இன்ஜின் இல்லாத பெட்டி

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று யாராவது எனக்குப் புத்தி சொன்னால், அந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். பிறவிக் குணம் அது. போதாக்குறைக்குத் திருத்தணி தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை வேறு. மாமனார் செத்துப்போய்விட்டார் என்று சான்றிதழ் கேட்டு வந்த ஒரு மருமகனுக்கு நானே மனு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். (மாமனார் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.) அப்படிப்பட்ட இடத்தில் ரிடையர் ஆகிற வரைக்கும் உட்கார்ந்தால் யாருக்கும் மனிதர்கள் மேல் நம்பிக்கை வராது.

இந்தக் குணத்தால் நான் யாரிடமும் ஏமாந்தது கிடையாது. ஏமாறக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அசிங்கப்பட்டதுதான் உண்டு. அதில் பெரிய அசிங்கம் எதுவோ அதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது நடந்தபடி என் கையெழுத்திலும் ஒன்று இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் என் தம்பி ஜெயசீலனுக்குக் கோயம்புத்தூரில் பெண் பார்த்து முடித்தோம். எங்கள் சர்ச்சிலும் அவர்கள் சர்ச்சிலும் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் வீட்டார் சர்ச்சில் கல்யாணம். எங்கள் அம்மா இறந்தபோது சீலனுக்கு எட்டு வயசு, எனக்குப் பதினாறு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான், முதுகில் போட்டதும் நான்தான். எங்களில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது முதல் முடிச்சு அவன் போடுவான். மற்ற இரண்டு முடிச்சு நாத்தனார் போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் பதிமூன்று வருஷமாக அவனை வளர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். நான், என் வீட்டுக்காரர், எங்கள் அப்பா (நைனா), மாப்பிள்ளை, மற்றபடி சித்தி சித்தப்பா வகையில் ஐந்து பேர். வியாழக்கிழமை ராத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு போக டிக்கெட் ரிசர்வ் செய்ய ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஒம்போது பேரா? அத்தினி பெர்த்து நம்ம ஸ்டேசனுக்குக் கெடையாதும்மா. திருப்பதிக்கு எழுதிக் கேக்கணும். நாலு நாள் கழிச்சி வாங்க" என்றார் ரிசர்வேஷன் கிளார்க்.

நாலு நாள் எதற்கு? வேறு யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறார். நான் மறுநாளே போனேன். அதற்கு மறுநாளும் போனேன். என் தலையைக் கண்டாலே அவர் கதவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தார். கடைசியில் ஒன்பது பெர்த்தும் கிடைத்துவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எந்த வண்டிங்க இது? அரக்கோணத்துல எத்தினி மணிக்கி மாறணும்?" என்று கேட்டேன்.

"மாறவே வேணாம். சாயங்காலம் திருப்பதியில இருந்து வர்ற வண்டியில இந்த ஸ்லீப்பர் பெட்டி வரும். அரக்கோணத்துல இத மட்டும் கழட்டி வச்சிருந்து, மெட்ராஸ்ல இருந்து மெயில் வந்ததும் அதுல மாட்டிடுவாங்க. நீங்க ஏறிப் படுத்தா கோயம்புத்தூர்ல எழுந்துக்கலாம்."

"கழட்டி மாட்டறதுக்கு அது என்னா ஜாக்கெட்டு ஊக்கா?"

"யம்மா, தெனம் நடக்குதும்மா!"

"அப்போ அத ஒரு காயிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடுங்க."

"அப்டியெல்லாம் ரயில்வேல யாரும் குடுக்க மாட்டாங்க."

பார்த்தீர்களா? வாயால் சொல்கிற ஆள் எழுத்தில் தர மாட்டேன் என்கிறார். தாலுகா ஆபீசில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திருத்தணிக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே எங்கே போனாலும் அரக்கோணத்தில் இறங்க வேண்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி, அந்தப் பக்கம் ஓடி, அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும். அரக்கோணம் யார்டு விளக்கு கண்ணில் பட்டால் எங்கள் ஊர்க் குழந்தை தூக்கத்தில்கூட எழுந்து நிற்கும். அரக்கோணத்தில் இறங்காமல் எங்கள் வம்சத்தில் யாரும் காட்பாடியைப் பார்த்தது கிடையாது. இந்த ஆள் என்னடாவென்றால் படுத்துக்கொண்டே போகலாம் என்கிறார்!

வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். மாப்பிள்ளையின் கோட்டு, சூட்டு, எங்கள் பட்டுச்சேலை எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில். தாலியை மட்டும் அதில் வைக்கவில்லை. டிரங்குப் பெட்டியை எவனாவது தூக்கிக்கொண்டு போவான். சீலனின் பனியனுக்கு உள்பக்கம் பை தைத்து, தாலியை அதில் போட்டு, மூன்று ஊக்கு குத்தி வைத்தேன். ஒன்பது பேர் டிக்கெட்டும் என் கைப்பையில். அந்தப் பை என் அக்குளில்.

வண்டி வந்தது. பெட்டிக் கதவருகே ஒட்டியிருந்த பட்டியலில் எங்கள் ஒன்பது பெயரும் இருந்தன. நான் இரண்டு முறை படித்தேன். என் வீட்டுக்காரரை ஒரு முறை படிக்கச் சொன்னேன். அவர் "ஆங், இருக்குது" என்றார். அவர் சொன்னதால் நான் மூன்றாம் முறை படித்தேன்.

உள்ளே எங்களுக்கு எதிர் பெர்த்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பதி போய்விட்டுத் திரும்புகிறவர்கள். அவர் மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. கோயம்புத்தூர் பீளமேட்டில் மில் வேலை, வீட்டில் பேசுவது தெலுங்கு. நாங்கள் ஏறினதும் ஏறாததுமாக அந்தம்மா எங்களுக்கு லட்டு எடுத்து நீட்டினாள்.

"வேணாங்க" என்றேன். ரயிலில் யாராவது எதையாவது கொடுத்தால் அதில் மயக்க மருந்து இருக்கும் என்பது என் கட்சி. நைனா அதற்குள் பாதியை வாயில் போட்டுவிட்டார்.

"நைனா!"

"நல்லா கீதும்மா. முந்திரியெல்லாம் போட்டுகிறாங்க" என்று மீதிப் பாதியையும் தின்றார். அவர் மயங்கி விழுகிறாரா என்று அரக்கோணம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். விழவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினார்.

அரக்கோணம் வந்தது. எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் எழுந்து மூட்டையைத் தூக்கினார்கள். மொட்டைக்காரர் சிரித்தார். "எறங்க வேண்டாங்க. நாங்க நாலு வருஷமா இதே பெட்டியிலதான் போறோம். உக்காருங்க."

நாலு வருஷமாகவா? அப்படி என்ன வேலை இவருக்கு இந்தப் பெட்டியில்?

எங்கள் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சங்கிலி கழல்கிற சத்தம். நாங்கள் வந்த வண்டி இன்ஜினோடு சேர்ந்து ஊதிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போயே போய்விட்டது. எங்கள் பெட்டி மட்டும் ஒண்டியாக நின்றது. முன்னாலும் இன்ஜின் இல்லை, பின்னாலும் இல்லை. இன்ஜின் இல்லாத ரயில் பெட்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வீட்டிலாவது காற்று வரும்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கரி இன்ஜின் வந்து இடித்தது. சரி, வந்துவிட்டது என்று பார்த்தால் அது எங்களைப் பின்பக்கமாக இழுக்கிறது. பின்பக்கம் என்றால் திருத்தணி பக்கம்!

"திரும்ப ஊருக்கே இட்டுனு போறான்!" என்று கத்தினேன்.

"லைன் மாத்தறாங்கம்மா" என்றார் மொட்டைக்காரர்.

அது எங்களைப் பிளாட்பாரமே இல்லாத ஓர் ஓரத்துத் தண்டவாளத்தில், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, தன் பாட்டுக்குக் கழற்றிக்கொண்டு போனது. விளக்கு மங்கியது. கூடவந்த டி.டி.ஆர் டீ குடிக்கப் போய்விட்டார். கையில் விளக்கோடு கீழே நடந்து போன ரயில்வே ஆளை ஜன்னல் வழியாகப் பிடித்தேன்.

"யோவ், இன்ஜின் எங்க?"

"வரும்."

"எப்போ வரும்?"

"மெயில் வந்தா வரும்."

"மெயில் எப்போ வரும்?"

"இன்ஜின் இஸ்துகினு வரும்போது வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்படிப் பதில் சொல்கிறவனை நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. திடீரென்று நாலைந்து தண்டவாளம் தள்ளிப் பிளாட்பாரத்தில் ஒரு நீண்ட வண்டி வந்து நின்றது. முன்னால் டீசல் இன்ஜின். பெட்டி பெட்டியாக விளக்கு. டீக்காரர்கள் கத்தல். மெயில்! அது அங்கே நிற்கிறது, நாங்கள் இங்கே இருட்டில் கிடக்கிறோம். அது கிளம்பிப் போய்விட்டால் காலையில் சர்ச்சில் யார் நிற்பது?

"எல்லாரும் எறங்குங்க! பெட்டிய வுட்டுட்டானுங்க! நாமளா போயி ஏறிக்கலாம்!"

"எறங்காதீங்கம்மா" என்றார் மொட்டைக்காரர் மறுபடியும்.

"அவருக்கென்ன, மொட்டை அடிச்சாச்சு. நமக்கும் அடிக்கப் பாக்கறார்" என்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன். மெல்லச் சொன்னதாகத்தான் நினைப்பு. பெட்டி முழுக்கச் சிரித்தது.

சித்தி, சித்தப்பா எல்லோரும் இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியோடு குதித்தார். பிளாட்பாரம் இல்லாததால் நைனாவை அரிசி மூட்டை மாதிரி இரண்டு பேர் கீழே இறக்கினார்கள். மேல் பெர்த்தில் படுத்திருந்த சீலன் மட்டும் அசையவில்லை.

"டேய், எறங்குடா."

"நீ போ அக்கா. நான் எறங்கல."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே தெரியவில்லை. பதிமூன்று வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் 'மாட்டேன்' அது.

"கல்யாணம் ஒனக்கா, எனக்கா?"

"எனக்குத்தான். அதான் எறங்கல. சீட்டுல எம் பேரு இருக்குது, பெர்த்துல எம் நம்பரு இருக்குது. பெட்டி எங்க போவுதோ அங்க நானும் போறேன்."

"எங்கயும் போவாதுடா! இன்ஜினே இல்ல!"

"எப்பப் பாரு எறங்கு, எறங்கு! பஸ்ல இருந்து எறங்கு, மரத்துல இருந்து எறங்கு, சைக்கிள்ல இருந்து எறங்கு! ஒரே ஒரு வாட்டி என்னைப் போக வுடு அக்கா."

எதிரே மொட்டைக்காரரின் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டி அவன் காலைப் பிடித்து இழுத்தேன். கால் வரவில்லை. பூட்ஸ் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனால் தானாக ஓடி வருவான் என்று அந்த ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எட்டுப் பேரும் தண்டவாளங்களைத் தாண்டி, ஜல்லியில் தடுக்கி, பிளாட்பாரத்தில் ஏறி மெயிலைப் பிடித்தோம். வாசலில் நின்ற டி.டி.ஆரிடம் டிக்கெட்டை நீட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒங்க பெட்டி இது இல்லியேம்மா. அது திருப்பதிப் பெட்டி. கடைசியில மாட்டிகினு இருக்கிறாங்க, பின்னாடி போங்க."

அதே சமயம் வண்டியின் வாலில் 'டங்' என்று ஒரு சத்தம். பிளாட்பாரமே அதிர்ந்தது.

எந்த மடையனும் அப்போது பின்னால் ஓடியிருப்பான். நான் ஓடவில்லை. இடம் கொடுக்க மனசில்லாமல் எங்களைக் கடைசிக்கு விரட்டுகிறார், அதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. "மொதல்ல எங்களுக்கு இங்க எடம் குடுங்க. எங்களுக்குத் தெரியாத ரயிலா?" என்று சண்டை பிடித்தேன். அவர் ரிசர்வேஷன் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். நான் தாலுகா ஆபீஸ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். இப்படி எவ்வளவு நேரம் போனதோ, கார்டு விசில் ஊதிவிட்டார்.

அப்புறம்தான் ஓடினோம். நாங்கள் பின்னால் ஓட, வண்டி முன்னால் நகர, கடைசிப் பெட்டி தானாக எங்களிடம் வந்தது. எங்கள் பெட்டிதான். அதே மங்கல் விளக்கு, அதே ஜன்னல். வாசலில் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக என் தம்பி.

"பாவா! ஏறிக்கோ பாவா!" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அவர் டிரங்குப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கியே விட்டார். அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். "ஓடற வண்டியில ஏறாதீங்க!"

"அக்கா, டிக்கெட்டு!" என்று கத்தினான் சீலன். ஒன்பது டிக்கெட்டும் என் அக்குளில். பையைத் திறப்பதற்குள் சிவப்பு விளக்குதான் தெரிந்தது. பதற்றத்தில் டிக்கெட்டுக்குப் பதிலாகப் பூட்ஸை வீசினேன். அது தண்டவாளத்தில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் கிழிந்த சட்டையைப் பார்த்தார். அந்த ராத்திரி முழுக்க அவர் பேசியது ஒரே வாக்கியம்தான். "பெட்டியில இன்ஜின் மாட்டிட்டாங்க போல கீது."

அதற்கப்புறம் கிடைத்த பாசஞ்சரில் ஜோலார்பேட்டை, அங்கே மாறி இன்னொன்று, அதில் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து பயணம். கோயம்புத்தூரில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வழியெல்லாம் நான் நினைத்தது ஒன்றுதான். நாங்கள் போகாமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை வீட்டில் ஆள் இல்லாமல் எவன் பெண்ணைக் கொடுப்பான்?

நன்றாகவே கொடுத்துவிட்டான். நாங்கள் சர்ச் வளாகத்துக்குள் நுழையும்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "வாங்க, வாங்க. ரொம்ப அலைஞ்சு போட்டீங்களாட்ட இருக்குதுங்க. மொதல்ல சாப்பிடுங்க."

"கல்யாணம்?"

"அது பதினோரு மணிக்கே முடிஞ்சுதுங்களே. போதகருக்குப் பன்னெண்டு மணிக்கு வேற ஊர்ல அடக்க ஆராதனைங்க. நிறுத்த முடியலீங்க."

நடந்ததைச் சொன்னார்கள். காலையில் பெண் வீட்டார் மாலையோடு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள். ஒன்பது பேரை எதிர்பார்த்த இடத்தில் ஒற்றைப் பூட்ஸோடு மாப்பிள்ளை. பக்கத்தில் மொட்டைக்காரரும் பெண்டாட்டியும். இவர்தான் சம்பந்தி என்று மொட்டைக்காரர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். ராத்திரி டிக்கெட் கேட்ட டி.டி.ஆரிடம், பட்டியலில் பெயரைக் காட்டி, 'இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு' என்று சொன்னவரும் அவர்தானாம். நிலைமை தெரிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகாமல் நேரே சர்ச்சுக்கு வந்திருக்கிறார்கள். பையனைத் தனியாக விட மனசு வரவில்லையாம். மாப்பிள்ளை வீட்டு முன்வரிசையில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்துப் போதகரே ஒரு வசனத்தை இரண்டு முறை படித்தாராம். சீலன் தன் மாமனாரின் தம்பியுடைய கோட்டைப் போட்டிருந்தான். அதில் இன்னொரு சீலன் தாராளமாக நுழையலாம்.

"முடிச்சு?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை ஒண்ணு போட்டாருங்க. நாத்தனார் யாருன்னு கேட்டோம். அந்தம்மா எழுந்து வந்து, நான் போடறேன்னு சொல்லி ரெண்டும் போட்டாங்க."

அந்தம்மா அங்கேதான் நின்றிருந்தாள். நாத்தனாருக்கு என்று பெண் வீட்டார் எடுத்து வைத்திருந்த பச்சைப் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு. என்னைப் பார்த்ததும், 'நீ இல்லியேன்னுதான் நான் போட்டேம்மா' என்று தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். என்னிடம் அந்தச் சேலையைத் தரவும் பார்த்தாள். எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. விழ ஓர் ஆள்கூட அகப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் தப்பு செய்தது நான் ஒருத்திதான்.

சீலன் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "சாப்டியா அக்கா?" என்றான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பெண்ணைத் தனியாக அழைத்துப் போய், பின்னலை ஒதுக்கி, கழுத்துக்குப் பின்னால் அந்த இரண்டு முடிச்சையும் நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன். தெரியாதவள் போட்டது, எப்படியும் தொளதொள என்றுதான் இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. இரண்டும் கல் மாதிரி இருந்தன.

"என்னங்க அண்ணி பாக்கறீங்க?" என்றாள் பெண்.

"ஒண்ணுமில்ல, தூசி" என்றேன்.

அதற்கப்புறம் சீலன் குடும்பத்தில் எந்த நல்லது நடந்தாலும் நாத்தனார் சேலை பீளமேட்டுக்குப் போய்விடும். எனக்கும் ஒரு சேலை வரும், அது வேறு கணக்கு. எனக்கும் என் தம்பி பெண்டாட்டிக்கும் சண்டை வந்தால், "எனக்கு முடிச்சுப் போட்ட நாத்தனார் இப்படியெல்லாம் பேச மாட்டாங்க" என்று ஒரே போடாகப் போடுவாள்.

சீலனின் பிள்ளைகளுக்கு அந்தம்மா பீளமேட்டு அத்தை. நான் அரக்கோணத்து அத்தை. பிறந்தது திருத்தணி, வேலை திருத்தணி, ரிடையர் ஆனதும் திருத்தணி. அரக்கோணத்தில் எனக்கு ஒரு சாண் இடம் கிடையாது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அனுப்பும் பட்டியலில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள். போன வருஷம் சீலன் மகனுக்குக் கல்யாணம் ஆகி வந்த புதுப் பெண், பாவம், விஷயம் தெரியாமல் பந்தியில் என்னிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"அரக்கோணத்துல உங்க வீடு எந்தப் பக்கம் அத்தை?"

இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சோற்றை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். சீலன் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"பிளாட்பாரத்துக்கு அந்தாண்டம்மா" என்றேன். "தண்ணிக் குழா பக்கத்துல. இன்ஜின் இல்லாம ஒரு வீடு நிக்கும்."